ஐம்பது மீற்றருக்கு 3.6 விநாடி

சென்ற ஆண்டு ஆவணி மாதத்தில், விடிந்தும் விடியாத ஒரு பொழுதில், என் அம்மாவின் தம்பி சல்லிக் கரையில் கரைவலை மீன் வாங்கிக்கொண்டு, சைக்கிளை உருட்டியபடி நிலாவெளி வீதியைக் கடந்துகொண்டிருந்தார். பாதி வீதியைத் தாண்டிய பின்னர் திருகோணமலை நகர்ப் பக்கமிருந்து வந்த வான் ஒன்று அவரை மோதியது. அயலவர்கள் 1990 இலக்கத்துக்கு அழைத்தார்கள். அம்புலன்ஸ் விரைவாகவே வந்தது. வலது கால் இரண்டு இடங்களில் முறிந்திருந்தது. மாமா உயிர் தப்பினார். இப்போது கைத்தடி ஊன்றி நடக்கிறார். சைக்கிள் வீட்டுத் தாழ்வாரத்தில் சாத்தியபடி நிற்கிறது.

வானை ஓட்டிவந்தவர் கெட்டவர் அல்லர். இறங்கி ஓடிவந்து, தன் சாரத்தைக் கிழித்து மாமாவின் காலைக் கட்டியவர் அவர்தான். அன்று மாலை வைத்தியசாலை வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அப்போது அவர் சொன்ன ஒரு வாக்கியம் இன்றுவரை என் காதில் இருக்கிறது: "நான் வேகமா வரேல்ல சேர், சும்மா எழுவதிலதான் வந்தனான்." அவர் பொய் சொல்லவில்லை. அந்த இடத்தில் எழுபது என்பது அவருக்கு வேகமாகத் தோன்றவே இல்லை. வீடுகளும் கடைகளும் நெருங்கியிருக்கும் அந்தப் பகுதியில் சட்டம் அனுமதிப்பது மணிக்கு 50 கிலோமீற்றர். ஊர் கடந்த வெளியில்தான் 70. இந்த இரண்டு எண்களுக்கும் இடையில் இருப்பது வெறும் இருபது என்று அவர் நினைத்திருந்தார். நானும், உயர்தர மாணவர்களுக்குப் பௌதிகவியல் கற்பிப்பவனாக இருந்தும், அந்த இருபதைப் பற்றி அதுவரை ஊன்றி யோசித்ததில்லை. எங்கள் வீதிக்கு வேகக் கமரா வேண்டும் என்ற முடிவுக்கு என்னைக் கொண்டுவந்ததும் அந்த இருபதுதான்.

மறுவாரம் வகுப்பில் அந்த இருபதையே கணக்காகக் கொடுத்தேன். சாரதி ஒருவர் ஆபத்தைக் கண்டு, அது ஆபத்து என்று உணர்ந்து, பிறேக்கை மிதிக்க ஒரு விநாடி செல்கிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் வரும் வாகனம் அந்த ஒரு விநாடிக்குள் ஏறத்தாழ 14 மீற்றர் ஓடிவிடும். வீதி உலர்ந்திருந்து, பிறேக்கும் டயரும் நல்ல நிலையில் இருந்தால், அதன் பிறகு இன்னும் 14 மீற்றரில் அது நின்றுவிடும். மொத்தம் 28 மீற்றர். மணிக்கு 70 கிலோமீற்றர் வேகத்தில் வரும் வாகனமோ முதல் விநாடியிலேயே 19 மீற்றருக்கு மேல் ஓடிவிடுகிறது. பிறேக் பிடித்த பின்னரும் 27 மீற்றர் செல்கிறது. வேகம் கூடும் அளவுக்கு அல்ல, வேகத்தின் வர்க்கம் கூடும் அளவுக்கு, பிறேக் பிடித்த பின் ஓடும் தூரம் கூடுகிறது என்பதைப் பிள்ளைகள் புத்தகத்தில் படித்திருந்தார்கள். ஆகவே இதுவரை அவர்களுக்கு வியப்பில்லை. அடுத்த கேள்வியைக் கேட்டபோதுதான் வகுப்பு அமைதியானது. ஐம்பதில் வந்த வாகனம் 28-ஆவது மீற்றரில் முழுமையாக நின்றுவிட்டது. அதே 28-ஆவது மீற்றரில், எழுபதில் வந்த வாகனத்தின் வேகம் எவ்வளவு? விடை, மணிக்கு ஏறத்தாழ 58 கிலோமீற்றர். அதாவது, ஐம்பதில் வந்திருந்தால் மாமாவின் சைக்கிளைத் தொடாமலே நின்றிருக்கக்கூடிய இடத்தில், எழுபதில் வந்த வான் ஐம்பத்தெட்டோடு கடக்கிறது. நடந்து செல்பவர் ஒருவரைக் காரின் முன்பக்கம் மோதும்போது, வேகம் மணிக்கு 50 இலிருந்து 65 கிலோமீற்றருக்கு உயர்ந்தால் அவர் இறக்கும் அபாயம் 4.5 மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. மாமா காலோடு தப்பியது எவ்வளவு பெரிய தற்செயல் என்பது அந்தக் கணக்கைச் செய்த பிறகே எனக்கு விளங்கியது.

கணக்கோடு நிறுத்தப் பிள்ளைகள் விரும்பவில்லை. நான்கு பேர் ஓர் அளவுநாடாவையும் நிறுத்தற் கடிகாரத்தையும் எடுத்துக்கொண்டு சனிக்கிழமை காலையில் வந்தார்கள். வீதியோரம் இரண்டு இடங்களில், சரியாக 50 மீற்றர் இடைவெளியில், மின்கம்பத்தில் ஒன்றும் மதிலில் ஒன்றுமாகச் சுண்ணக்கட்டியால் அடையாளம் இட்டோம். முதல் அடையாளத்தை வாகனம் தாண்டும்போது ஒருவர் கையை இறக்குவார். இரண்டாவது அடையாளத்தில் நிற்பவர் நேரத்தைக் குறித்துக்கொள்வார். 50 மீற்றரை 3.6 விநாடியில் கடந்தால் வேகம் மணிக்கு 50 கிலோமீற்றர். 3.6-க்குக் குறைந்தால் சட்டத்துக்கு மேல். கையால் அளப்பதில் சிறு பிழை இருக்கும் என்பதால், எல்லைக்கு மிக அருகே வந்தவற்றை நாங்கள் கணக்கில் எடுக்கவில்லை. அப்படி விட்ட பிறகும், பெரும்பாலான வான்களும் மோட்டார் சைக்கிள்களும் 3.6-க்குத் தெளிவாகக் கீழேயே இருந்தன. நாடு முழுவதும் மணிக்கு 40 கிலோமீற்றர் என்று கட்டுப்படுத்தப்பட்ட முச்சக்கர வண்டிகளிலும் அந்த எல்லைக்குள் சென்றவை சில மட்டுமே.

அன்று ஒன்பது மணிக்குப் பிறகு நேரங்கள் திடீரென மாறத் தொடங்கின. நான்கு விநாடி, நான்கரை விநாடி, மீண்டும் நான்கு. கடிகாரம் பழுதாகிவிட்டதோ என்று மாணவன் ஒருவன் சந்தேகப்பட்டான். பிறகுதான் கவனித்தோம்: நிலாவெளிப் பக்கமிருந்து வந்தவர்கள், எதிரே போகிறவர்களுக்கு முன்விளக்கை இருமுறை அடித்துக் காட்டிக்கொண்டு வந்தார்கள். வளைவுக்கு அப்பால், மர நிழலில், பொலிசார் இருவர் வேகம் அளக்கும் கருவியோடு நிற்கிறார்கள் என்பது அதன் பொருள். அவர்களை ஒரு சாரதியும் இன்னும் கண்ணால் காணவில்லை. ஆனாலும் ஒரு கிலோமீற்றருக்கு முன்பே முழு வீதியும் சட்டத்துக்குள் வந்துவிட்டது. பத்தரை மணியளவில் அவர்கள் போய்விட்டார்கள். கால் மணி நேரத்துக்குள் எங்கள் பட்டியல் பழைய எண்களுக்குத் திரும்பியது.

வேகக் கமராக்களைப் பற்றி அதன்பின் நான் வாசித்தவற்றில் இந்தக் காட்சியை விட எனக்குத் தெளிவாக எதுவும் கற்றுத்தரவில்லை. மனிதர்கள் தண்டப் பணத்தின் தொகையை எண்ணி வேகத்தைக் குறைப்பதில்லை. தாம் அகப்படப்போவது உறுதி என்று தெரியும்போது குறைக்கிறார்கள். மர நிழலில் நிற்கும் இருவரால் அந்த உறுதியை ஒன்றரை மணி நேரத்துக்குத் தர முடியும். இரவிலும் விடியற்காலையிலும் மழையிலும் தர முடியாது. மாமா அடிபட்ட நேரம் காலை ஐந்தே முக்கால்.

எங்கள் மாவட்டத்து வீதிகளுக்கு ஒரு வரலாறு உண்டு. அதைச் சொல்லாமல் இந்த விடயம் முழுமை பெறாது. முப்பத்தைந்து வயதைத் தாண்டிய எவருக்கும் யுத்த காலத்து வீதிகள் நினைவிருக்கும். பள்ளங்களும் சோதனைச் சாவடிகளும்தான் அன்று வேகத்தின் எல்லையை விதித்தன. மூதூருக்கும் மட்டக்களப்புக்கும் செல்லும் வழியில் கிண்ணியாவிலும் அதற்கு அப்பாலும் பாதை எனப்படும் மிதவையில் ஏறி நீரைக் கடக்க வேண்டியிருந்தது. 2009-இல் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. அடுத்தடுத்த ஆண்டுகளில் மற்றப் பாலங்களும் வந்தன. வீதிகள் அகன்று காபட் வீதிகளாயின. அது எங்களுக்கு உண்மையான மகிழ்ச்சி. கர்ப்பிணிப் பெண்களை மிதவைக்காகக் காத்திருக்க வைத்த காலத்தைக் கண்டவன் என்ற முறையில் அந்த வீதிகளுக்கு நான் ஒருநாளும் குறை சொல்லமாட்டேன். ஆனால் வீதி மாறிய அளவுக்கு வீதியோரத்து வாழ்க்கை மாறவில்லை. மாடுகள் இன்றும் மாலையில் சூடான தாரின் மேல் வந்து படுக்கின்றன. நகருக்குள் புள்ளிமான்கள் கூட்டமாக வீதியைக் கடக்கின்றன. கரைவலைக்காரர்கள் வலையைத் தோளில் சுமந்துகொண்டு குறுக்கே போகிறார்கள். தனியார் வகுப்பு முடிந்த பிள்ளைகள் இருட்டிய பிறகு விளக்கில்லாத சைக்கிள்களில் இருவர் மூவராக வருகிறார்கள். பள்ளம் செய்த வேலையை இப்போது செய்ய எதுவுமில்லை. இலங்கையில் ஆண்டுதோறும் 2,000-க்கு மேற்பட்டோர் வீதி விபத்துகளில் இறக்கிறார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் மோட்டார் சைக்கிளில் செல்பவர்களும் நடந்து செல்பவர்களும்தான்.

வேகக் கமராவின் பிறப்பை அறிந்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. அதைக் கண்டுபிடித்தவர் பொலிஸ்காரர் அல்லர். மொரிஸ் கற்சோனைட்ஸ் என்ற நெதர்லாந்து நாட்டுக் காரோட்டப் பந்தய வீரர். 1953-இல் மொண்டே கார்லோ பந்தயத்தில் வென்றவர் அவர். வளைவுகளில் தாம் எவ்வளவு வேகத்தில் திரும்புகிறோம் என்பதை அளந்து, இன்னும் வேகமாகத் திரும்பக் கற்றுக்கொள்வதற்காகவே அந்தக் கருவியை உருவாக்கினார். வேகத்தை நேசித்தவர் ஒருவர், தம் மனம் சொல்லும் வேகத்தை நம்பாமல் அளவுகோலைத் தேடினார் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. எழுபதை மெதுவான வேகம் என்று நம்பிய வான் சாரதிக்கும் குறைவாக இருந்தது அந்த அளவுகோல்தான்.

கருவி வேலை செய்யும் முறையை விளக்க நான் மாணவர்களுக்குச் சீனக்குடா ரயிலை உதாரணமாகச் சொல்வேன். கடவையை நோக்கி ஊதிக்கொண்டு வரும் ரயிலின் ஓசை கூர்மையாகக் கேட்கும். எங்களைத் தாண்டியதும் அதே ஊதல் சட்டென்று தாழும். ஊதல் மாறவில்லை, ரயிலின் ஓட்டம் அலைகளை முன்னே நெருக்கிப் பின்னே விரிக்கிறது. ராடார் கருவி ஓசைக்குப் பதிலாக வானொலி அலையை அனுப்புகிறது. வாகனத்தில் பட்டுத் திரும்பும் அலையின் அதிர்வெண் எவ்வளவு மாறியிருக்கிறது என்பதைக் கொண்டு வேகத்தைக் கணிக்கிறது. கருவி வீதிக்கு ஓரமாக, சிறு கோணத்தில் நிற்பதால், அந்தக் கோணத்தைத் திருத்திக் கணக்கிடாத கருவி உண்மையை விடச் சற்றுக் குறைந்த வேகத்தையே காட்டும். கமரா எப்போதும் கூட்டித்தான் காட்டுகிறது என்று எங்கள் ஊரில் பலரும் உறுதியாக நம்புவதால் இதை அழுத்திச் சொல்கிறேன். லேசர் கருவி வேறு விதம்: ஒளித் துடிப்புகளை அடுத்தடுத்து அனுப்பி, ஒவ்வொன்றும் போய்த் திரும்பும் நேரத்தைக் கொண்டு தூரம் குறையும் வேகத்தை அறிகிறது. பிரித்தானியாவின் பழைய ராடார் கமராக்கள் அரை விநாடி இடைவெளியில் இரண்டு படங்கள் எடுத்தன. தாரின் மேல் அளந்து வரையப்பட்ட வெள்ளைக் கோடுகளில் வாகனம் எத்தனை கோடு முன்னேறியிருக்கிறது என்பதைப் பார்த்து, ராடார் சொன்ன வேகம் சரிதானா என்று மறுபடி சரிபார்த்தார்கள். சுண்ணக்கட்டி அடையாளத்தோடு நாங்கள் நின்றதும் அதே முறைதான்.

இது உயிரைக் காக்கிறதா என்பதே கேள்வி. சுகாதார ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கொக்ரேன் என்ற அமைப்பு, பல நாடுகளில் நடந்த 35 ஆய்வுகளை ஒன்றாக வைத்து மதிப்பிட்ட அறிக்கை 2010-இல் வெளியானது. கமரா உள்ள இடங்களின் அருகே மரணமும் கடுங்காயமும் விளைவிக்கும் விபத்துகள், ஆய்வுக்கு ஆய்வு வேறுபட்டு, 11 முதல் 44 சதவீதம் வரை குறைந்திருந்ததாக அது கூறியது. அந்த ஆய்வுகளில் பலவற்றின் தரம் இன்னும் உயர வேண்டும் என்பதையும் அதுவே கூறியது. அந்த எச்சரிக்கைக்கு ஒரு காரணம் உண்டு. ஓர் இடத்தில் ஓராண்டு வழக்கத்தை மீறிப் பல விபத்துகள் நடந்த பிறகே பெரும்பாலும் அங்கே கமரா வைக்கிறார்கள். அப்படிப்பட்ட ஆண்டுக்கு அடுத்த ஆண்டு, கமரா இல்லாவிட்டாலும் எண்ணிக்கை ஓரளவு தானாகவே இறங்கும். அந்த இறக்கத்தையும் கமராவின் பலனாக எழுதிவிடக்கூடாது. கவனமான ஆய்வாளர்கள் அதைக் கழித்துவிட்டே கணக்கிடுகிறார்கள். கழித்த பின்னரும் பலன் மிஞ்சுகிறது. பிரான்ஸ் நாடு 2003-இன் இறுதியில் தானியங்கி ராடார்களை நிறுவத் தொடங்கியது. 2002-இல் அங்கே வீதிகளில் இறந்தவர்கள் 7,000-க்கும் அதிகம். 2010-இல் 4,000-க்குக் கீழ். அந்த வீழ்ச்சி முழுவதும் ராடாரினால் வந்ததல்ல, வேறு சட்டங்களும் வாகனங்களின் தரமும் சேர்ந்தன. எனினும் நாடு முழுவதும் சராசரி வேகம் இறங்கியது அதில் பெரும் பங்கு வகித்தது. சராசரி வேகம் ஒரு சதவீதம் கூடினால் மரண விபத்தின் அபாயம் ஏறத்தாழ நான்கு சதவீதம் கூடும் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கைத் திருப்பிப் பார்த்தால், சிறிய வேகக் குறைப்பும் ஏன் அவ்வளவு பயன் தருகிறது என்பது விளங்கும்.

கமராவின் பெரிய குறை ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பெட்டியைக் கண்டதும் பிறேக்கை மிதித்து, தாண்டியதும் முறுக்கிக்கொண்டு பாய்கிற வழக்கம் உலகெங்கும் உண்டு. லண்டன் பொருளியல் கல்லூரியில் 2017-இல் வெளியான ஓர் ஆய்வு, கமராவுக்கு 500 மீற்றர் வரையிலான தூரத்தில் விபத்துகள் நன்கு குறைவதையும், ஒன்றரைக் கிலோமீற்றருக்கு அப்பால் அவை மீண்டும் கூடுவதையும் காட்டியது. எங்கள் வேகத்தடைகளில் நாள்தோறும் நடப்பதும் இதுதான். இதற்கு மாற்றாக வந்ததே இருமுனைக் கமரா. ஓர் இடத்தில் வாகனத்தின் இலக்கத்தகட்டைப் படித்து நேரத்தைக் குறிக்கிறது. பல கிலோமீற்றருக்கு அப்பால் இன்னொரு கமரா அதே தகட்டைப் படிக்கிறது. தூரத்தை நேரத்தால் வகுத்தால் சராசரி வேகம் கிடைத்துவிடும். இடையில் எங்கே பிறேக் பிடித்தாலும் பயனில்லை. ஸ்கொட்லாந்தின் ஏ9 நெடுஞ்சாலையில் 2014 முதல் இந்த முறை இருக்கிறது. கந்தளாயிலிருந்து தம்பலகாமச் சந்தி வரை நேராக ஓடும் ஏ6 வீதிக்கு இது பொருந்தும் என்று எனக்குத் தோன்றுகிறது. நிலாவெளி வீதிக்குப் பொருந்தாது. இங்கே பத்து அடிக்கு ஓர் ஒழுங்கை பிரிகிறது, பாதி வாகனங்கள் இடையிலேயே நின்றுவிடும். இங்கே தேவைப்படுவது பாடசாலை வாசலுக்கும் மீனவர் கடக்கும் இடத்துக்கும் அருகே நிலையாக நிற்கும் கமரா.

அந்தக் கமரா மறைந்திருக்கக் கூடாது. இந்த விடயத்தில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. மர நிழலில் ஒளிந்து நின்று பிடிப்பதையே நாங்கள் பார்த்துப் பழகிவிட்டதால், கமரா என்றதும் அதையும் ஒளித்துவைக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். சுவீடனில் கமராவுக்கு முன்னதாகவே அறிவிப்புப் பலகை நிற்கிறது. பிரித்தானியாவில் கமராப் பெட்டிகளுக்குக் கண்ணைக் கவரும் மஞ்சள் வர்ணம் பூசினார்கள். பிடிப்பதுதான் நோக்கம் என்றால் ஒளித்துவைக்கலாம்; அந்த இடத்தில் வாகனம் மெதுவாகப் போவதுதான் நோக்கம் என்றால் நூறு மீற்றருக்கு முன்னரே தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதிவைக்க வேண்டும். ஒரு மாதத்தில் ஒருவரும் அகப்படாத கமராவே தன் வேலையை முழுமையாகச் செய்த கமரா. ஒளித்துவைத்த கமரா அரசின் பணப்பெட்டி என்ற பெயரை விரைவில் எடுத்துவிடும். பிரித்தானியாவில் 2000 முதல் 2007 வரை, தண்டப் பணத்தின் ஒரு பகுதியைக் கமரா நடத்தும் அமைப்புகளே செலவுக்கு எடுத்துக்கொள்ள அனுமதி இருந்தது. அந்த ஏற்பாடு உண்டாக்கிய அவநம்பிக்கை, அது கைவிடப்பட்ட பின்னரும் நெடுநாள் நீடித்தது. பிரான்ஸில் 2018-இன் இறுதியில், எரிபொருள் வரிக்கு எதிராக மஞ்சள் மேலங்கிப் போராட்டம் எழுந்தபோது மக்கள் பெருமளவு ராடார்களை உடைத்தும் எரித்தும் போட்டார்கள். மக்களுடைய நம்பிக்கை இல்லாத இடத்தில் கம்பத்தில் தொங்கும் கருவியால் நிற்க முடியாது.

நம்பிக்கை பற்றி எங்கள் ஊருக்கே உரிய ஒன்று உண்டு. ஒரே வீதியில் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் செல்கிறோம். வீதியோரத்தில் மறிக்கப்பட்டவர் எவரானாலும், தன்னை மட்டும் ஏன் மறித்தார்கள் என்ற எண்ணத்தோடு போகிறார்; தனக்கு முன்னால் போனவர் யாருக்கோ தொலைபேசி எடுத்துத் தப்பிவிட்டார் என்று நம்புகிறார். அந்த நம்பிக்கை சில வேளைகளில் தவறாகவே இருக்கலாம். தவறாக இருந்தாலும் அது சட்டத்தின் மீதுள்ள மதிப்பை அரித்துவிடுகிறது. கமராவுக்கு முகமும் மொழியும் தெரியாது. இலக்கத்தகடு மட்டுமே தெரியும். என்னைக் கமராவின் பக்கம் சாய்த்த காரணங்களில் இதுவே முதன்மையானது. ஆனால் வீட்டுக்கு வரும் அறிவித்தல் அவரவர் வாசிக்கக்கூடிய மொழியில் வர வேண்டும். படமும், அளந்த வேகமும், கருவி கடைசியாகத் துல்லியம் பார்க்கப்பட்ட நாளும் அதில் இருக்க வேண்டும். மறுத்து முறையிட வழியும் காட்டப்பட வேண்டும். இவை இல்லாவிட்டால் பழைய சந்தேகம் புதிய தாளில் வந்து சேரும்.

அறிவித்தல் யாருடைய வீட்டுக்கு வரும் என்பதில்தான் பெரிய சிக்கல் இருக்கிறது. கமரா படம்பிடிப்பது வாகனத்தை, ஓட்டியவரை அல்ல. சுவீடனில் வாகனத்தை முன்புறமிருந்து படம்பிடித்து, ஓட்டியவரின் முகத்தை அடையாளம் கண்டு அவரையே பொறுப்பாக்குகிறார்கள். மோட்டார் சைக்கிள்கள் நிறைந்த எங்கள் வீதியில், தலைக்கவசம் முகத்தை மூடியிருக்கும்போது அது நடவாது. ஆகவே பதிவு செய்த உரிமையாளருக்கே அறிவித்தல் போக வேண்டும். ஆனால் எங்கள் ஊரில் எத்தனை வாகனங்கள் 'ஓப்பின் பேப்பர்' என்ற முறையில் கைமாறியிருக்கின்றன என்பது எல்லோரும் அறிந்ததே. விற்றவர் கையொப்பமிட்ட பத்திரத்தை மட்டும் கொடுத்துவிடுகிறார். வாங்கியவர் பெயரை மாற்றாமலே மூன்றாமவருக்கு விற்கிறார். நான் பத்து ஆண்டுகளுக்கு முன் விற்ற மோட்டார் சைக்கிள் ஒன்று அண்மையில் கிண்ணியாவில் ஓடியதாக ஒருவர் சொன்னார். அது இன்னும் என் பெயரில்தான் இருக்கிறதோ என்று அறிய நான் முயன்றதே இல்லை. இப்படி இருக்கையில் நூறு கமரா வைத்தாலும் அறிவித்தல்கள் பழைய முகவரிகளுக்கே போய்க்கொண்டிருக்கும். கொழும்பில் 2024 ஜனவரியிலிருந்து கண்காணிப்புக் கமராக்களைக் கொண்டு வீதி மீறல்களைப் பிடிக்கத் தொடங்கினார்கள். அந்த முறை எங்கள் பக்கம் வருமுன் பெயர் மாற்றத்தை எளிதாக்கி, ஒரு தவணை கொடுத்து, கட்டாயமாக்க வேண்டும். நானும் இந்த வாரம் என் பழைய பத்திரங்களைத் தேடி எடுத்திருக்கிறேன்.

தனியார் பஸ் சாரதிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவர்களின் நாட்கூலி அன்று ஏறும் பயணிகளின் எண்ணிக்கையில் தங்கியிருக்கிறது. பின்னால் வரும் பஸ் முந்திவிட்டால் அடுத்த தரிப்பிடத்தில் நிற்பவர்கள் அவர்களுக்கு இல்லை. அந்த ஏற்பாட்டைத் தொடாமல் விட்டுவிட்டு, கமராவைக் கொண்டு சாரதியை மட்டும் தண்டிப்பது நியாயமாகப் படவில்லை. குடித்துவிட்டு ஓட்டுவதையும், தூக்கக் கலக்கத்தையும், இரவில் கந்தளாய்க்கு அப்பால் காட்டுப் பகுதியில் யானை குறுக்கிடுவதையும் எந்தக் கமராவும் தடுக்காது. வீதியோரத்தில் நடைபாதை இல்லாத குறையையும் அது தீர்க்காது.

மாமாவிடம் இதையெல்லாம் சொன்னபோது, முதலில் அந்தப் பாதசாரிக் கடவைக்குப் புதிதாக வர்ணம் பூசச் சொல்லு என்றார். அவர் சொன்னது சரி. கடவையின் கோடுகள் தேய்ந்து, விடியற்காலை இருட்டில் தெரிவதே இல்லை. ஆகவே அயலவர்கள் இருபது பேரோடு சேர்ந்து எழுதிய விண்ணப்பத்தில் அதையே முதலாவதாக வைத்தோம். கடவைக்கு மேலே ஒரு விளக்கு, இரண்டாவது. பாடசாலைக்கு இருபுறமும் அறிவிப்புப் பலகையோடு கூடிய நிலையான வேகக் கமரா, மூன்றாவது. மாணவர்கள் அளந்த நேரப் பட்டியலைப் பின்னால் இணைத்தோம். அளந்த முறை, நாள், நேரம், வானிலை எல்லாவற்றையும் அவர்களே தெளிவாக எழுதியிருந்தார்கள். மாமா தன் கையால் ஒப்பமிட்டார். அதைச் சென்ற மாதம் உரிய இடத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும் வாங்கினோம்.

நிலாவெளிக்கு நகரிலிருந்து ஏறத்தாழ 15 கிலோமீற்றர். முழுத் தூரத்தையும் ஐம்பதில் ஓடினால் 18 நிமிடம். எழுபதில் ஓடினால் 13 நிமிடம். வான் சாரதி சென்ற கிழமை மாமாவைப் பார்க்கப் பழங்களோடு வந்திருந்தார். அவரிடம் இந்தக் கணக்கைச் சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அஞ்சு நிமிசமா சேர்?" என்று கேட்டார். பிறகு மாணவர்களின் பட்டியலைக் கேட்டு வாங்கி, வரிசையாகப் படித்துக்கொண்டு வந்தார். அடுத்த முறை அளக்கும்போது தானும் வந்து நிற்பதாகச் சொல்லியிருக்கிறார். தவணைப் பரீட்சை முடிந்த முதல் சனிக்கிழமை, அதே மின்கம்பத்திலிருந்து அதே மதில் வரை, காலை ஐந்தே முக்காலிலிருந்து அளக்கப்போகிறோம்.